நஷ்ட ஈடு கேட்கக் கூச்சம் எதற்கு?

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இனி போலீஸ், கோர்ட்டு என்று அலைவானேன்?"

சாலை விபத்தில் அடிபட்டுப் படுத்திருப்பவரைப் பார்க்க ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வருகிறவர்கள் செய்யும் உபதேசம் இது. உபதேசம் செய்தவர்கள் போய்விடுவார்கள். ஆஸ்பத்திரி பில் மட்டும் போகாது!

நஷ்ட ஈடு கேட்பது பிச்சை கேட்பதல்ல. சட்டம் தந்த உரிமை. ஆனால் அவசரத்தாலும் அசட்டையாலும் அதைக் கோட்டை விடுகிறவர்கள் பலர். எங்கே தவறுகிறார்கள்? பார்ப்போம்.

வாய் தவறிச் சொன்ன பொய்

"எப்படி அடிபட்டது?" என்று டாக்டர் கேட்கிறார். போலீஸ் கேஸாகிவிடுமோ என்று பயந்து, "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள்" என்கிறார் கணவர். அது ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில் ஏறிவிடுகிறது. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் கையில் எடுக்கும் முதல் ஆயுதம் அதுதான். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். போலீசில் உடனே புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

பாவ புண்ணியம்

"பாவம், ஆட்டோக்காரர் பிள்ளைகுட்டிக்காரர்" என்று இரக்கப்பட்டு, அவர் தரும் சொற்பத் தொகைக்கு 'ராஜி' எழுதிக் கொடுப்பவர்கள் உண்டு. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டவே கூடாது என்பது சட்டம். இன்ஷூரன்ஸ் இருந்தால், பணம் தர வேண்டியது பெரும்பாலும் அந்தக் கம்பெனிதான். ஆகவே படித்துப் பார்க்காத காகிதத்திலும் வெற்றுத் தாளிலும் யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இடித்த வண்டி நிற்காமலே ஓடிவிட்டதா? அதற்கும் வழியுண்டு. வண்டி இன்னதென்று தெரியாவிட்டால், மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்க 2022 முதல் தனித் திட்டம் இருக்கிறது.

ரசீது எங்கே?

மளிகைக் கடைச் சீட்டைப் பத்திரப்படுத்தும் நாம், மருந்துக் கடை ரசீதைக் கசக்கி எறிந்துவிடுகிறோம்! மருந்து, ஸ்கேன் மட்டுமல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வண்டிச் செலவு, சத்துணவுச் செலவு, துணைக்கு வைத்த ஆளின் சம்பளம் இவற்றையும் கேட்கலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக எழுதி வையுங்கள். செய்யாத செலவையும் இல்லாத வலியையும் மட்டும் சேர்க்காதீர்கள். ஒரு பொய் அகப்பட்டால் ஒன்பது உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

"நான் சும்மாதானே இருக்கிறேன்!"

பெண்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். சம்பளம் இல்லை, ஆகவே வருமான நஷ்டமும் இல்லை என்று தாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறார்கள். சுப்ரீம் கோர்ட் அப்படிச் சொல்லவில்லை. 1989-ல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து பற்றிய வழக்கில், இல்லத்தரசியரின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய் என 2001-ல் மதிப்பிட்டது. 2021-லும் அவர்களுடைய உழைப்புக்கு உத்தேச வருமானம் கணக்கிட வேண்டும் என்று வற்புறுத்தியது.

காயத்தின் அளவு மட்டுமல்ல, அதனால் எந்த வேலை கெட்டது என்பதும் கணக்கில் வரும். தையல் வேலை செய்யும் பெண்ணுக்கு விரல் மடங்காமற்போனால் அது சிறு காயமா? ஆகவே சிகிச்சை முழுதும் முடிந்து, மிச்சமிருக்கும் ஊனம் இவ்வளவென்று டாக்டர் எழுதித் தருமுன் சமரசத்துக்கு அவசரப்படாதீர்கள்.

நாளைக் கடத்தாதீர்கள்

2022 ஏப்ரல் 1-ல் அமலான திருத்தத்தின்படி, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரை வழக்குகள் போயிருக்கின்றன. அந்தச் சர்ச்சையை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கெடுவுக்குள் முந்திக்கொள்வோம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று மலைக்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

உடைந்த எலும்பை டாக்டர் பார்த்துக்கொள்வார். உடைந்த குடும்ப பட்ஜெட்டைச் சரிக்கட்ட, நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்!