ஆலை வாயிலில் நிற்கும் ஆள்!



அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றிலே கடைசல் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் என்னைத் தேடி வந்தார். வந்தவர் வாய் திறக்கவில்லை. திண்ணையிலே குந்தினார், தலையைக் குனிந்தார், பெருமூச்செறிந்தார்.

“என்னய்யா சேதி?” என்றேன்.

“ஃபோர்மேன் கூப்பிட்டு விட்டாருங்க” என்றார்.

வேலையிலே பிழையா? இல்லை. வராமல் நின்றாரா? அதுவும் இல்லை. மகள் படிப்புக்காக வாங்கிய கடனிலே இரண்டு தவணை தவறிற்று. ஓவர்டைம் நின்றதால் தவறிற்று. வசூலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். எங்கே? வீட்டுக்கு அல்ல, பட்டறை வாயிலுக்கு! காவலாளியிடம் கணக்குச் சொன்னார்கள்; ஃபோர்மேனுக்குத் தொலைபேசியிலே கதை சொன்னார்கள். ஃபோர்மேன் நண்பரை அழைத்து, “பட்டறைக்குப் பெயர் கெடுகிறது, பார்த்துக்கொள்” என்றாராம். ‘பார்த்துக்கொள்’ என்ற அந்த ஒரு சொல்லிலே எத்தனை ஈட்டிகள் என்பது, வேலை போய்விடுமோ என்று நடுங்கியவனுக்குத்தான் தெரியும்.

பணம் கேட்க வழியா இல்லை? கடிதம் இருக்கிறது, வீடு இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஆலை வாயிலை ஏன் நாடுகிறான்? ஏழையின் பெட்டியிலே பணம் இல்லை, ஆனால் அவன் நெஞ்சிலே மானம் இருக்கிறது. அதைப் பிடித்து உலுக்கினால், அண்டாவை அடகு வைத்தாவது கொண்டுவருவான் என்பது அவனுக்குத் தெரியும்!

இது இன்று பிறந்த தந்திரமல்ல. ஈட்டிக்காரன் கதையை உங்கள் பாட்டனார் சொல்லியிருப்பார். 1929இல் வெள்ளை அரசு அமைத்த விட்லி ஆணையம், 1931இல் தந்த அறிக்கையிலே அந்தக் கதையை எழுதியே வைத்தது. பெரும்பாலான தொழில் நகரங்களிலே மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர்கள் கடனாளிகள் என்றது. ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டி என்றது. கணக்குப் போடுங்கள், ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்து! சம்பள நாளன்று தடியோடு ஆலை வாயிலிலே காத்து நிற்பவனைப் பற்றியும் கூறி, வேலைத்தலத்தை வளைத்து நின்று கடன் வசூலிப்பதைக் குற்றமாக்குக என்று பரிந்துரைத்தது. 1934இல் வங்காளத்திலே, கல்கத்தா வட்டாரத் தொழிலாளர்களுக்காக அப்படி ஒரு சட்டமும் வந்தது.

தடி போயிற்று, தொலைபேசி வந்தது. அன்று கூலி கைக்கு வரும் நாளைக் காத்து நின்றான். இன்று வங்கிக் கணக்கிலே சம்பளம் விழும் தேதியைத் தெரிந்து வைத்துக்கொண்டு மணி அடிக்கிறான்.

“சம்பளத்தைப் பிடித்துக்கொள்வோம், முதலாளிக்கே எழுதிவிடுவோம் என்கிறார்களே?” என்று கேட்டார் நண்பர்.

பிடிப்பார்களா? கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்காமல் எவனும் எவன் சம்பளத்தையும் ஜப்தி செய்ய முடியாது. தீர்ப்பே வந்தாலும், 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. உழைப்பாளியின் கூலியைத் தொடவே கூடாது என்கிறது. மாதச் சம்பளக்காரரென்றால், ஜீவனாம்சம் நீங்கலாக மற்றக் கடன்களுக்கு, முதல் ஆயிரம் ரூபாயையும், மிச்சத்திலே மூன்றில் இரண்டு பங்கையும் விட்டுவிட வேண்டும். 16,000 ரூபாய் சம்பளத்திலே 11,000 தொட முடியாதது! வைப்பு நிதியையும் அப்படியே காக்கிறது அந்தப் பிரிவு. வாயிலில் நின்று வாய்ச்சவடால் அடிப்பவன் இதையெல்லாம் சொல்லுவானா?

வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரி நெறிமுறை ஒன்று உண்டு. கடனாளி சொல்லும் இடத்திலே சந்திக்க வேண்டும். அவர் இடம் குறிக்காவிட்டால் வீட்டிலே. வீட்டிலும் அகப்படாவிட்டால்தான் தொழில் செய்யும் இடம். கடைசிப் படியை முதற்படியாக்கிவிட்டார்கள் இந்த வீரர்கள்! 2022 ஆகஸ்டிலே ரிசர்வ் வங்கி இட்ட ஆணையோ, மிரட்டாதே, ஊரார் முன் அவமானப்படுத்தாதே, உற்றார் நண்பரைத் தொல்லை செய்யாதே, காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்காதே என்றது. குண்டர்களை வைத்துக் கடன் வசூலிப்பதை 2007இல் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் கண்ணிலேயே படாத கந்துவட்டிக்காரனுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2025இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, கடன்பட்டவரைப் பின்தொடர்வதையும், வேலைத்தலத்துக்கு ஓயாமல் வந்து தொல்லை தருவதையும் வலுக்கட்டாயம் என்றே வகைப்படுத்தி, மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்கிறது.

கடனைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. வாங்கியது வாங்கியதுதான். கொடுத்த காசோலை பணமின்றித் திரும்பினால் குற்ற வழக்கே வரும் என்பதையும் மறைக்க மாட்டேன். ஓடி ஒளிவது கூடாது. ஒளிந்தவனைத்தான் அவன் ஊரறியத் தேடுவான்!

நண்பரும் நானும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். ‘இரண்டு தவணை பாக்கி உண்மை, இன்னின்ன தேதியில் இவ்வளவு கட்டுகிறேன், ஞாயிறு காலை 10 மணிக்கு வீட்டிலே சந்திக்கலாம், பட்டறைக்கு வரவோ, மேலாளரை அழைக்கவோ கூடாது’ என்று நாலே வரி. விரைவுத் தபாலிலே அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினோம். வந்த நாள், நேரம், பேசிய பேச்சு எல்லாம் ஒரு நோட்டிலே. முப்பது நாளிலே சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு மனு. விவரம் கேட்க 14448 என்ற எண். மிரட்டினால் போலீஸ் நிலையம். சங்கச் செயலாளரிடமும் ஒரு நகல் கொடுக்கச் சொன்னேன். தனியாள் என்று தெரிந்தால்தானே துள்ளுவான்!

அடுத்த வாரம் அந்த இருவரும் மறுபடி வாயிலுக்கு வந்தார்கள். நண்பர் வெளியே வந்து, “அடையாள அட்டையைக் காட்டுங்கள், உங்களை அனுப்பியதற்குக் கம்பெனி தந்த அதிகாரக் கடிதத்தைக் காட்டுங்கள்” என்றார். ஒருவன் சட்டைப்பையைத் தடவினான், மற்றவன் மோட்டார் சைக்கிளை உதைத்தான். ரசீதில்லாமல் ரொக்கம் தர மாட்டேன் என்று நண்பர் சொல்லி முடிப்பதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள்.

அன்று மாலை ஃபோர்மேன் மறுபடி கூப்பிட்டாராம். பயந்துகொண்டே போயிருக்கிறார் நண்பர். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, ஃபோர்மேன் கேட்டாராம்: “அந்தக் கடிதத்திலே எனக்கொரு நகல் கிடைக்குமா?”