மழலைக் காலம் – 6: மருமகளைக் கேட்கும் கேள்வி

“பிள்ளைக்கு ரெண்டு வயசாகப்போகுது, இன்னும் பேச்சு வரலையே... நீ வேலைக்குப் போறதாலதானே?” திருச்சியில் ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலும் இந்தக் கேள்வி கேட்கும், பொன்மலை ரயில்வே காலனியிலும் கேட்கும். அப்பா வேலைக்குப் போவதைப் பற்றி மட்டும் யாரும் மூச்சுவிடுவதில்லை.

அமெரிக்காவில் பத்து இடங்களில், 1991-ல் பிறந்த 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். பிறர் பராமரிப்பில் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்பதால் குழந்தைகளின் பேச்சு பின்தங்கிவிடவில்லை. பார்த்துக்கொண்டவர் எவ்வளவு பேச்சுக்கொடுத்தார் என்பதுதான் குழந்தையின் பேச்சில் தெரிந்தது. அதைவிடப் பெரிய பங்கு வீட்டுக்கு: தாய் பிள்ளையின் முகம் பார்த்து அனுசரித்து நடந்துகொள்ளும் விதத்துக்கு.

பேச்சுக்கொடுப்பது என்றால் ஓயாமல் பேசுவது அல்ல. சித்திரை வீதியில் கோயில் யானையைக் கண்டு குழந்தை “ஆன!” என்கிறது. “ஆமாண்டா, ஆண்டாள் வரா பாரு. எங்க போறா?” என்கிறார் பாட்டி. வரா, போறா என்று தமிழ் வினைச்சொல்லின் வால்களைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது இப்படித்தான். பாட்டி எந்தப் பயிற்சிக்கும் போனவர் அல்ல. அதே பாட்டி சோறூட்டும் நேரத்தில் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டால், குழந்தையின் காதில் சத்தம் நிறைய விழும், அது சொல்வதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது.

என் கவலையெல்லாம் பாட்டி இல்லாத வீடுகளைப் பற்றித்தான். சத்திரம் பேருந்து நிலையம், என்.எஸ்.பி. ரோடு பக்கம் ஜவுளிக்கடைகளில் நிற்கும் பெண்கள் கடை சாத்தி வீடு சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். (அவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.) அரசு ஊழியருக்கு அதே ஆண்டு முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு, கடைப்பெண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கன்வாடியும் மாலைக்குள் மூடிவிடும்.

ஆனால் 2017-ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் ஒன்றைச் சொன்னது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்துக்குக் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்து வரலாம். நான்கு தடவை கொஞ்சிப் பேச நேரம் கிடைத்தால் அது சின்ன விஷயமா? பெரிய பெரிய கடைகள் உள்ள ஊர் இது. முதலாளிகள் மனம் வைக்கலாம், தொழிலாளர் துறை கேட்கலாம்.

வீட்டிலும் தனியாக நேரம் ஒதுக்கிப் பாடம் நடத்த வேண்டாம். கீரை ஆயும்போது ஒரு தண்டைக் கையில் கொடுத்துப் பேசினாலே போதும். அந்தப் பேச்சு அப்பாவுக்கும் வரும்.

ஒன்று மட்டும். இரண்டு வயது முடிந்தும் பிள்ளை இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மருமகளை விசாரிக்காதீர்கள். முதலில் பிள்ளையின் காதைப் பரிசோதியுங்கள். அது எப்படி என்று அடுத்த வாரம் பார்ப்போம்.