புரதத்தின் மடிப்பும் எங்கட குருதியும்

பெருநாளைக்கு வட்டிலப்பம் அவிக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். முட்டை, கருப்பட்டி, தேங்காய்ப்பால் எல்லாம் நீராகத்தான் சட்டிக்குள் போகின்றன. ஆவி ஏறியதும் கட்டியாகிவிடுகிறது. ஆறவைத்தாலும் பழையபடி தண்ணியாகாது. முட்டையிலுள்ள புரதங்கள் சூட்டில் மடிப்புக் கலைந்து, சிக்குப்பட்ட நூல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அமினோ அமிலங்களின் வரிசை அப்படியேதான் இருக்கிறது. போனது வடிவம். வடிவத்தோடு வேலையும் போய்விட்டது.

உயர்தர வகுப்பில் புரதத்தை நான் மணிக்கோவை என்றே படிப்பிப்பேன். மணிகள் 20 வகை. சில மணிகளுக்குத் தண்ணீர் பிடிக்காது, உள்ளே ஒளிந்துகொள்ளும். மின்னேற்றம் உள்ளவை வெளியே நீரைப் பார்த்து நிற்கும். இந்த இழுபறியில் கோவை தானாக மடிந்து ஒரு உருவத்துக்கு வருகிறது. கிறிஸ்டியன் அன்பின்சன் 124 மணிகள் கொண்ட ரைபோநியூக்கிளியேஸ் என்ற நொதியத்தை இரசாயனங்களால் குலைத்தார். பிறகு அவற்றை அகற்றியபோது அது தானே மடிந்து மீண்டும் வேலை செய்தது. மடிப்புக்குரிய கட்டளை வரிசைக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

குருதிக்கு வருவோம். செங்குழியத்தை நிறைத்திருக்கும் ஈமோகுளோபினில் நான்கு கோவைகள்: 141 மணிகள் உள்ள அல்பா இரண்டு, 146 மணிகள் உள்ள பீற்றா இரண்டு. மக்ஸ் பெரூட்ஸ் 1937இல் தொடங்கி 1959இல்தான் அதன் உருவத்தைக் கண்டார். 22 வருசம்! ஆனால் அந்த உருவம் தெரிந்த பிறகுதான் அதன் சூட்சுமம் விளங்கியது. ஒரு கோவையில் ஒட்சிசன் ஒட்டினால் முழு மூலக்கூறும் சற்றே அசைகிறது; மற்றக் கோவைகள் இன்னும் இலகுவாக ஒட்சிசனைப் பிடிக்கின்றன. நுரையீரலில் அள்ளவும் இழையங்களில் கொடுக்கவும் அதால் முடிவது இந்த அசைவினால்தான்.

"சேர், 146ல ஒண்டு மாறினா என்ன வரப்போகுது?" என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. அரிவாள் கலச் சோகையில் மாறியிருப்பது பீற்றாக் கோவையின் ஆறாவது மணி மட்டும்தான் என்பதை 1956இல் வேர்னன் இங்ரம் காட்டினார். நீரை விரும்பும் குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் நீரை வெறுக்கும் வலைன். ஒட்சிசனைக் கொடுத்துவிட்ட நிலையில் அந்த வலைன் பக்கத்து மூலக்கூறின் குழியொன்றுக்குள் பொருந்திக்கொள்கிறது. அது அடுத்ததில், அடுத்தது அதற்கடுத்ததில். நீண்ட நார்கள் உருவாகி, வட்டமான செங்குழியத்தை அரிவாள் போல வளைத்துவிடுகின்றன. வளைந்த கலங்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது வருகிற வலி கொடியது.

இலங்கையில் எங்களுக்கு அதிகம் தெரிந்தது தலசீமியா. பீற்றாத் தலசீமியாவில் பீற்றாக் கோவை போதியளவு உருவாவதில்லை. சோடி கிடைக்காத அல்பாக் கோவைகள் நான்கின் கூட்டாக அமைய முடியாமல் திரண்டு படிந்து, எலும்பு மச்சைக்குள்ளேயே இளங்கலங்களை அழிக்கின்றன. கருவில் பீற்றாவுக்குப் பதிலாக வேறொரு கோவை வேலை செய்வதால் பிள்ளை பிறக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மாதங்களில் வெளிறத் தொடங்கும். கடுமையான நோயென்றால் சில கிழமைகளுக்கொரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய இரத்தத்தின் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் தேங்காமலிருக்க அதற்கும் மருந்து வேண்டும்.

பெற்றோர் இருவரும் காவிகளாக இருந்தால் ஒவ்வொரு கருத்தரிப்பிலும் நோயுள்ள பிள்ளைக்கு 25 சதவீத வாய்ப்பு. காவி நோயாளியல்ல, சாதாரணமாக வாழ்பவர். சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும்போது ஒரே குறை இரு பக்கமும் இருக்கிற சாத்தியம் கூடுகிறது. எங்கட ஊர்களில் கல்யாணப் பேச்சில் எத்தனையோ விசாரிப்போம், இதை மட்டும் கேட்கத் தயங்குவோம். கேட்டாலும் பெண்பிள்ளையை மட்டும் சோதிக்கச் சொல்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மாப்பிள்ளையிலிருந்து தொடங்கலாம், அவரில் ஈமோகுளோபின் குறை எதுவும் இல்லையென்றால் பிறக்கும் பிள்ளைக்குக் கடுமையான பீற்றாத் தலசீமியா வருமென்று பயப்படத் தேவையில்லை.

முதற்படி சாதாரண முழுக் குருதிப் பரிசோதனைதான். செங்குழியங்கள் சிறிதாக இருந்தால் அது இரும்புக் குறைபாடாகவும் இருக்கலாம், ஆகவே ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்க்கும் சோதனையும் தேவை. குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கிறது. தேதி குறிக்க முன்பே போவது நல்லது, கார்ட் அடித்த பிறகு போனால் யாருக்கும் வாய் திறக்க மனம் வராது.