புழுதியில் உறக்கம், ஈரத்தில் விழிப்பு



தயம்மும் பாடம் நடந்துகொண்டிருந்தது. நம் ஷாஃபிஈ மத்ஹபில் அதற்குப் புழுதியுள்ள சுத்தமான மண் வேண்டும் என்று விளக்கினேன். பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான்: "ஹஸ்ரத், மண்ணில கிருமி இருக்குமே, அத எப்படி முகத்தில தடவுறது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்வி. நஜீஸ் இல்லாத மண் என்று மார்க்கச் சட்டம் சொல்வது ஒன்று. கிருமி இல்லாத மண் என்று வைத்தியர் சொல்வது வேறொன்று. திறந்த புண் உள்ளவர் வைத்தியரின் பேச்சையும் கேட்கத்தான் வேண்டும். அன்று அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

மண்ணில் உயிர் இருக்கிறது. பாலைவனப் புழுதியிலும் இருக்கிறது. நம் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போய் வந்த தாய்மாரைக் கேட்டுப் பாருங்கள். வானம் செம்மஞ்சளாகி, கதவிடுக்கெல்லாம் மாவு போலப் புழுதி நிறையும் நாட்களைப் பற்றிச் சொல்வார்கள். அத்தகைய புழுதி கடல் கடந்தும் போகும். 1832 ஜனவரியில் ஆபிரிக்காவுக்கு மேற்கேயுள்ள கேப் வெர்டே தீவில் டார்வினின் கப்பல் நின்றபோது, காற்றோடு வந்த நுண்தூசியை அவர் சேகரித்தார். பின்னர் ஐந்து சிறு பொட்டலங்களை ஜேர்மனியிலிருந்த ஏரன்பேர்க் என்ற அறிஞருக்கு அனுப்பினார். நுணுக்குக்காட்டியில் பார்த்த ஏரன்பேர்க் அதில் 67 வகை உயிர் வடிவங்களைக் கண்டார்.

வியப்பு அதற்குப் பிறகுதான். டார்வினும் அவர் காலத்தவர்களும் சேகரித்த அந்தத் தூசியில் மிச்சம் பெர்லின் அருங்காட்சியகத்தில் இருந்தது. அதிலிருந்து உயிருள்ள பக்றீரியாக்களையும் பங்கசுகளையும் வளர்த்தெடுத்ததாக 2007இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏறத்தாழ 170 ஆண்டு உறக்கம்! சில பக்றீரியாக்கள் தம்மைச் சுற்றிக் கெட்டியான உறை கட்டிக்கொண்டு வித்தியாகிவிடும். உணவு வேண்டாம், நீர் வேண்டாம். ஈரத்தோடு ஏற்ற உணவும் கிடைத்தால் விழித்துக்கொள்ளும்.

பாலைவனத்துக் கதை பொகவந்தலாவைக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நமது ஊர் சென் மேரிஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரோன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி அடக்கப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற படப்பிடிப்பாளர். 1879 ஜனவரியில் காலமானார். அவருடைய குடும்பத்துக்கு இங்கே இருந்தவை தேயிலைத் தோட்டங்கள் அல்ல, கோப்பித் தோட்டங்கள். அந்தக் கோப்பி எங்கே போனது?

1869இல் மடூல்சீமைப் பக்கத்திலிருந்து நோயுற்ற கோப்பி இலைகள் பேராதனைப் பூங்காவின் அதிபர் துவைற்ஸிடம் வந்தன. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி. அது ஒரு பங்கசு. ஹெமிலியா வாஸ்ராட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்கள். தோட்டத் துரைமார் அதைத் திரித்து 'நாசகார எமிலி' என்றார்கள். கேலிக்குக் குறைவில்லை, மருந்துதான் இல்லை. 1870 வாக்கில் சுமார் 10 கோடி இறாத்தலாக இருந்த கோப்பி ஏற்றுமதி 1889இல் சுமார் 50 இலட்சம் இறாத்தலாகச் சுருங்கியது. துரைமாரின் நட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலை இழந்து மீண்டும் தமிழகக் கரைக்குத் திரும்பிய தொழிலாளரைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் ஆய்வுக்கு அழைத்தது. அவர் செய்தது மிக எளிய வேலை. ஒட்டும் பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்து, பின்னர் நுணுக்குக்காட்டியின் கீழ் பார்த்தார். நோயின் வித்திகள் ஒட்டியிருந்தன! காற்றுதான் நோயைச் சுமக்கிறது என்பது தெரிந்தது. இன்னொன்றையும் கண்டார். இலையில் விழுந்த வித்தி உலர்ந்திருக்கும்வரை ஒன்றும் செய்யாது. நீர் படிந்தால் முளைவிட்டு இலைத் துளைக்குள் நுழைந்துவிடும். மலையெல்லாம் ஒரே பயிரை நட்டது எவ்வளவு தவறு என்பதும் அவருக்குப் புரிந்தது. ஆனால் 1882இல் அவர் திரும்பியபோது கோப்பிக்குக் காலம் கடந்திருந்தது.

அப்படியானால் தேயிலை தப்பிவிட்டதா? இல்லை. அஸ்ஸாமில் 1868இலேயே கண்ட கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கும் வந்தது. இதுவும் பங்கசுதான், இதுவும் காற்றில் வருவதுதான். முற்றிய இலையை அது தொடாது; இளங்கொழுந்தையே பிடிக்கும். நம் பெண்கள் கூடையில் போடும் அதே இரண்டு இலையும் மொட்டும்! முதலில் கண்ணாடி போன்ற புள்ளி, பிறகு அடிப்புறம் வெள்ளையாகப் புடைத்த கொப்புளம். மழைக்காலத்தில் மலையே நாசமாகும். கொழுந்து குறைந்தால் நிறை குறையும். நிறை குறைந்தால் லயத்தில் அடுப்பு எப்படி எரியும் என்பதை இங்கே வாழ்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதன் வித்தி பாலைவனத்து வித்தியைப் போல வைரம் பாய்ந்ததல்ல. வெயில் பட்டால் செத்துப்போகும். எனவே இலையில் ஈரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதே கேள்வி. அதை அளக்கக் கருவி இருக்கிறது. இலை போன்ற ஒரு தகட்டில் உலோகக் கம்பிகள் நெருங்கிப் பின்னியிருக்கும். நீர் படிந்தால் மின்னோட்டம் எளிதாகப் பாயும். ஈரம் இருந்த மணித்தியாலங்கள் அப்படியே பதிவாகும்.

படலத்தின் தடிப்பை அளக்கக் கருவிகூட வேண்டாம். கன அளவைப் பரப்பால் வகுத்தால் போதும். 18ஆம் நூற்றாண்டில் பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார்; அது அரை ஏக்கருக்குப் பரவியது. கணக்குப் போட்டால், ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கி அதில் இரண்டரைப் பங்குத் தடிப்புத்தான்! இதே கணக்கை உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூட ஆய்வுகூடத் தராசில் செய்யலாம். பனி படிந்த இலையை மைஒற்றுத் தாளால் ஒற்றி, தாளின் நிறை எவ்வளவு கூடியது என்று பாருங்கள். 40 சதுர சென்ரிமீற்றர் பரப்பில் 0.2 கிராம் நீர் இருந்தால் படலம் 0.05 மில்லிமீற்றர். நமக்கு அது வெறும் ஈரம். ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒன்றரைப் பங்கே நீளமுள்ள வித்திக்கு அது குளம்.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் கெர், ரொட்ரிகோ ஆகிய இருவரும் காற்றிலுள்ள வித்திகளையும் வெயில் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, நோய் வருவதை முன்கூட்டியே சொல்ல வழி தேடினார்கள். 1967இல் அது வெளிவந்தது. நாள் குறித்து வைத்துச் செம்பு மருந்து அடிப்பதைவிட, வெயிலைப் பார்த்து அடிப்பது நல்லது. செலவு மிஞ்சும், முதுகில் மருந்துத் தாங்கியைச் சுமக்கும் மனிதரின் மூச்சுக்கும் நல்லது.

சுபஹுத் தொழுதுவிட்டு இறங்கும்போது பாதையோரத்துக் கொழுந்துகளை இப்போதெல்லாம் நின்று பார்க்கிறேன். ஒன்பது மணிக்கும் அவை காயாத நாட்களில், மேலே மலையில் மருந்து அடிப்பவர்களின் குரல் கேட்கிறது.