எழுந்து நடக்க ஒரு காரணம்

முதுகில் சத்திரசிகிச்சை முடிந்து லயத்துக்குத் திரும்பும் தோட்டத் தொழிலாளியின் கையில் பயிற்சித் தாள் ஒன்று கொடுக்கப்படுகிறது. பல வீடுகளில் அது மடித்துச் செருகிய இடத்திலேயே இருந்துவிடுகிறது. அதைச் "சோம்பல்" என்று இலகுவாகச் சொல்லிவிடுகிறோம். மலையகத்தில் இயன்மருத்துவத் துறையில் பணியாற்றும் எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை.

நமது முள்ளந்தண்டு என்புகளுக்கிடையே மெத்தை போன்ற தட்டங்கள் உள்ளன. குனிந்து பாரம் தூக்கும்போது அவற்றின் மீதான அழுத்தம் பெரிதும் கூடும். கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, சரிவில் நின்று, நாளொன்றுக்கு 18 கிலோ அளவில் கொழுந்து பறிக்கும் பெண்ணின் இடுப்பு படும் பாட்டைச் சொல்லவும் வேண்டுமா? தட்டம் பிதுங்கி நரம்பை அழுத்தினால் வலி கால்வரை இறங்கும். அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் இதை விளக்கி, சத்திரசிகிச்சையால் நிவாரணம் கிடைக்கும் என்று காட்டினர். ஆனால் சத்திரசிகிச்சை நரம்பை விடுவிக்குமே தவிர, தளர்ந்த தசையைப் பலப்படுத்தாது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும்.

பயிற்சியைத் தடுப்பது பெரும்பாலும் பயம். "குனிஞ்சா தையல் விட்டுப் போகுமா மிஸ்?" என்று அடிக்கடி கேட்பார்கள். பயத்தில் படுத்தே கிடந்தால் தசை மெலியும். மெலிந்த தசை சிறு அசைவுக்கும் வலிக்கும். வலி பயத்தைக் கூட்டும். இதற்குக் கட்டளை உதவாது. "கவ்வாத்து வெட்டின மலையில மறுநாளே கொழுந்து எடுப்பீங்களா?" என்று கேட்பேன். "இல்லை" என்பார்கள். "எடுக்காமலே விட்டா?" "மரமாப் போயிடும்." விடையை அவர்களே சொல்லிவிடுவார்கள். தட்டச் சத்திரசிகிச்சைக்குப் பின் 4 முதல் 6 வாரங்களில் தொடங்கும் பயிற்சி வலியை விரைவாகக் குறைப்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன.

அடுத்தது அளவு. வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் கூட்டிப் பெருக்கிவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடப்பவர்கள் பலர். அமெரிக்க உளவியலாளர் ஃபோர்டைஸ் 1976இல் வெளியிட்ட நூலில், வலியைப் பார்த்து அல்ல, முன்பே குறித்த அளவைப் பார்த்துச் செய்யும் முறையை விளக்கினார். இந்த வாரம் தண்ணீர்ப் பைப் வரை. அடுத்த வாரம் பிள்ளைக் காம்பரா வரை. நல்ல நாளிலும் அதைத் தாண்ட வேண்டாம். சிறு வலிக்காக நிறுத்தவும் வேண்டாம். ஆனால் காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் போவதில் சிக்கல், காய்ச்சல், காயத்தில் கசிவு ஆகியவற்றில் ஏதாவது வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நோயாளியின் சொந்தக் காரணம். "குணமானதும் என்ன செய்ய ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டும் என்பார். இன்னொருவர் நாற்காலியை விட்டுத் தரையில் ஸுஜூது செய்ய வேண்டும் என்பார். அந்த ஆசையிலிருந்தே பயிற்சியைப் பின்னோக்கிப் பிரித்துக் கொடுக்கலாம்.

ஊக்கம் மனத்தில் மட்டும் இருப்பதுமில்லை. கிளினிக்குக்குத் துணையாக வரும் மகளுக்கு அன்றைய பேர் போய்விடும். செங்குத்தான படிகளும் பஸ் செலவும் வேறு. ஆகவே வீட்டிலேயே செய்யக்கூடிய நான்கைந்து பயிற்சிகளும், திரும்பியதும் கிடைக்கும் இலகுவான வேலையும் எந்த அறிவுரையையும் விடப் பெரிய ஊக்கம்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். "நீங்க அசையாம இருங்க" என்று அன்பால் கட்டிப்போடாதீர்கள். மாலையில் பைப் வரை அவரோடு நடந்து செல்லுங்கள்.