பூமிக் கம்பி இருந்தும் பாதுகாப்பு இல்லையா?

துணி துவைக்கும் இயந்திரத்தின் தகட்டில் ஈரக் கை பட்டதும் 'சுர்' என்று ஏறுகின்றது. "செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டால் ஒன்றும் செய்யாது" என்று அடுத்த வீட்டார் சமாதானம் கூறுகின்றனர். தோட்ட அலுவலகத்தின் வாயிலாக வந்த வயர்மேனோ மானியைப் பொருத்திப் பார்த்துவிட்டு, "எர்த் ரீடிங் மிக அதிகம்" என்கிறார். அச்சொல்லின் பொருளை வீட்டிலுள்ளோரும் அறிந்திருத்தல் நலம்; ஏனெனில், அந்தத் தகட்டைத் தினமும் தொடுகின்றவர்கள் அவர்களே.

மின்சாரம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிச் செல்லும் இயல்புடையது. இயந்திரத்தினுள் கம்பியின் உறை தேய்ந்து இரும்புத் தகட்டில் பட்டுவிட்டால், அந்த மின்சாரம் பச்சையும் மஞ்சளும் கலந்த பூமிக் கம்பி வழியே பலகைக்குச் சென்று, வீட்டின் அருகே மண்ணில் அடிக்கப்பட்ட செம்புப் பூச்சுக் கோலில் இறங்கி, மண்ணினூடே துணை மின் நிலையத்தின் மின்மாற்றியை அடைந்து, மீண்டும் வீட்டுக்கு வருகின்றது. இச்சுற்று முழுவதிலும் உள்ள தடையைத்தான் மானி ஓம் கணக்கில் காட்டுகின்றது. பால் வெட்டுவோர்க்கு இது புதிதன்று. வெட்டுக் கோட்டில் அடைப்பு ஏற்பட்டால் பால் மங்கில் விழாது, பட்டையின்மேல் வழியும். பூமி வழியில் தடை மிகுந்தால் மின்சாரமும் வேறு வழி தேடும். ஈரச் சிமெண்டுத் தரையில் நிற்கும் மனித உடலே அப்போது அதற்குக் கிடைக்கும் வழி.

மானி 38 ஓம் காட்டுகின்றது என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. அதை 38-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 6 ஆம்பியர். பலகையில் உள்ள 32 ஆம்பியர் 'பி' வகைச் சிறு சுவிட்ச் உடனே விழ வேண்டுமானால் 160 ஆம்பியர் பாய வேண்டும். அதற்குச் சுற்றின் தடை சுமார் 1.4 ஓமுக்கு மேற்படலாகாது. ஆகவே 6 ஆம்பியரைக் கண்டு அச்சுவிட்ச் அசைவதில்லை. வீட்டில் ஒரு சலவைப் பெட்டி இயங்குகின்றது என்றே அது கருதிக்கொள்ளும். தகட்டிலோ உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் நின்றுகொண்டிருக்கும்.

மண்ணில் அடித்த கோலை நம்பும் வீடுகளில் 1.4 ஓம் கிடைப்பது மிக அரிது. அதனாலேயே ஆர்.சி.டி. எனும் கருவி இன்றியமையாததாயிற்று. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இல்லையெனில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கருவிக்குக் கணக்குப்படி 1,667 ஓம் வரை இடமுண்டு. ஆயினும் 200 ஓமுக்கு மேற்பட்ட கோலை நம்பலாகாது என்பதே தேர்ந்த வயர்மேன்களின் வழக்கம். மழையில் 200 காட்டும் கோல் வறட்சியில் எவ்வளவு காட்டும் என்று சொல்லவியலாது. கருவி அடிக்கடி விழுகின்றது என்று அதனைச் சிலர் நேரிணைப்புச் செய்து விலக்கிவிடுகின்றனர். இதைவிடக் கொடிய தவறு வேறில்லை.

இனி, பழுதைத் தேடும் முறையைக் காண்போம். எல்லாப் பிளக்குகளிலும் ஒரே அளவாகத் தடை மிகுந்திருப்பின், குற்றம் வீட்டுக்குள் இல்லை. கோலிலோ, கோலைப் பற்றியுள்ள கிளிப்பிலோ, பலகைக்குச் செல்லும் முதன்மைப் பூமிக் கம்பியிலோ இருக்கும். கிளிப் பச்சை பிடித்துத் தளர்ந்திருப்பதும், புல் வெட்டும்போது கம்பி அறுபட்டிருப்பதும் அடிக்கடி காணப்படுவன. முன்னாளில் இரும்புத் தண்ணீர்க் குழாயையே பூமியிணைப்பாகக் கொண்ட வீடுகளும் உண்டு. பின்னர் அவ்விடத்தில் பிளாஸ்டிக் குழாய் போடப்பட்டபோது, தண்ணீர் தடையின்றி வந்தது. பூமியிணைப்பு ஓசையின்றிப் போயிற்று!

பலகையில் 38, முதற் பிளக்கில் 38, கடைசிப் பிளக்கில் 210 என்றால், குற்றம் அவ்விரு பிளக்குகளுக்கும் இடையில் உள்ளது. திருகு தளர்ந்திருக்கலாம்; கம்பியின் உறையைச் சீவாமலே முடுக்கியிருக்கலாம்; எறும்பு கூடு கட்டியிருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் மின்கம்பியும் 1.5 சதுர மில்லிமீட்டர் பூமிக் கம்பியும் 20 மீட்டர் ஓடினால் அவற்றின் தடை ஏறத்தாழ 0.4 ஓமே. அங்கே ஒரு திருகு சற்றுத் தளர்ந்து இன்னொரு ஓம் கூடினாலும், கோலின் 38 ஓமில் அது கடலிற் கரைத்த பெருங்காயமாகிவிடும். ஆகவே, மின்சாரத்தை முற்றும் நிறுத்திவிட்டுப் பூமிக் கம்பியை மட்டும் தனியே அளந்து பார்க்கும் வயர்மேனே முறையானவர். மானியின் முனை துருவில் பட்டாலும் எண் ஏறும். எனவே, ஒருமுறைக்கு இருமுறை அளப்பதைக் கண்டு சலிப்படைய வேண்டாம்.

கோலே குற்றமெனில், அதனை ஆழமாக அடிப்பதோ, கோலின் நீளத்துக்குக் குறையாத இடைவெளியில் இன்னொன்றை அடித்து இணைப்பதோ தக்கது. உப்புக் கொட்டுவது சில நாளைக்கு எண்ணைக் குறைத்துக் காட்டும். பின்பு மழையில் கரைந்தோடும், செம்பையும் அரிக்கும்.

ஆர்.சி.டி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நன்று. ஆனால், அது கருவியைச் சோதிக்குமேயன்றிப் பூமிக் கம்பியைச் சோதிக்காது. பூமிக் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தியதும் கருவி விழத்தான் செய்யும்.

தகட்டில் 'சுர்' என்றால் சுவிட்சை மூடிப் பிளக்கைக் கழற்றிவிட்டு, அன்றே அலுவலகத்தில் தெரிவியுங்கள். பலகையைத் தாமே திறக்க முற்படலாகாது. அது பதிவு பெற்ற வயர்மேனின் வேலை. பூமிக் கம்பியைக் கழற்றி அளக்கும்போது முதன்மைச் சுவிட்ச் மூடியே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும், கம்பி மீண்டும் மாட்டப்பட்டதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். தோட்ட வீடுகளுக்கு மின் வசதி அளிப்பதையும், வீட்டைப் பழுதின்றி வைத்திருப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம்.

அளந்த எண்ணையும் தேதியையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டும்படி வயர்மேனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் மண் காய்ந்திருக்கும்போது மீண்டும் அளந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.