எண்ணெய் வயலுக்குக் கெட்டித் தண்ணீர்

சீனாவின் வடகிழக்கே, ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் தாச்சிங் எண்ணெய் வயல் இருக்கிறது. 1959-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1976 முதல் 2002 வரை, 27 ஆண்டுகள், ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்குக் குறையாமல் கச்சா எண்ணெய் தந்தது. அந்தக் காலத்தின் பிற்பகுதியில் அதைத் தாங்கிப் பிடித்தவற்றுள் ஒன்று, தண்ணீரில் கரைத்த வெள்ளைத் தூள்.

நிலத்தடியில் எண்ணெய் ஏரிபோல் தேங்கி நிற்பதில்லை. மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் அடைந்து கிடக்கிறது. முதலில் பாறையின் அழுத்தமே அதை மேலே தள்ளும். அழுத்தம் தளர்ந்ததும், சில கிணறுகளில் தண்ணீரைச் செலுத்தி எண்ணெயை மற்றக் கிணறுகளை நோக்கி விரட்டுவார்கள்.

தண்ணீரோ எண்ணெயைவிட இளகியது. தாச்சிங் எண்ணெய் தண்ணீரைப்போல் பத்து மடங்குக்கும் மேல் பிசுபிசுப்பானது. அதனால் தண்ணீர் எண்ணெயைத் தள்ளிக்கொண்டு போகாமல், அதைத் துளைத்துக்கொண்டு முன்னே ஓடிவிடும். வரப்பில் எலி வளை இருந்தால் வயலுக்குப் பாய வேண்டிய நீரெல்லாம் அதன் வழியே போய்விடுமே, அப்படித்தான். துளை பெரிதாக உள்ள அடுக்கு வழியாகவே நீர் ஓட, பக்கத்து அடுக்குகளில் எண்ணெய் அப்படியே நிற்கும். நாளடைவில் கிணற்றிலிருந்து வருவதில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீராகிவிடும்.

இன்னும் வேகமாகத் தண்ணீர் செலுத்தினால் அது அதே வழியில் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான். தண்ணீரையே கெட்டியாக்குவதுதான் சரியான வழி. இதற்குப் பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமர் பயன்படுகிறது; முதலில் சொன்ன வெள்ளைத் தூள் இதுதான். லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் போதும். அதன் மிக நீளமான மூலக்கூறுகள் நீரில் விரிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் நீரின் பாகுத்தன்மை பல மடங்கு கூடுகிறது. கெட்டியான நீர் எண்ணெயை முன்தள்ளி மெதுவாக நகர்கிறது. இதுவரை எட்டாத அடுக்குகளுக்குள்ளும் புகுகிறது. தாச்சிங்கில் 1970-களில் சோதித்து, 1996-இல் தொழில் அளவில் தொடங்கினார்கள். பாறையில் முதலில் இருந்த எண்ணெயில் சுமார் பத்து சதவீதத்தை இந்த முறை கூடுதலாக மீட்டது. பெரிய வயலில் அது கோடிக்கணக்கான டன்.

ஆனால் இந்த மூலக்கூறு மிக மென்மையானது. குறுகலான வால்வு வழியே வேகமாகச் செலுத்தினால் அறுந்துபோகும். உப்பு மிகுந்த நீரில் சுருண்டு, கெட்டியாக்கும் வலுவை இழக்கும். ஆக்சிஜனும் இரும்பும் சேர்ந்தால் சிதையும்; கடும் வெப்பமும் ஆகாது. அதனால் தூளைக் கட்டி விழாமல் கரைத்து, போதிய நேரம் ஊறவிட்டு, காற்றுப் படாமல் பதமாகச் செலுத்த வேண்டும். என் பார்வையில் இந்தத் தொழில்நுட்பத்தின் உண்மையான திறமை வேதியியலைவிட இந்தக் கவனிப்பில்தான் இருக்கிறது.

செலவும் உண்டு. பாலிமர் கலந்து எண்ணெயோடு திரும்பிவரும் நீரைப் பிரிப்பதும் சுத்திகரிப்பதும் கடினம். அந்த ஏற்பாட்டை முன்கூட்டியே செய்யாத திட்டம் அரைகுறைத் திட்டம்.

இந்தியாவில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்திலுள்ள மங்களா வயல், பாலிமரை முன்கூட்டியே தொடங்குவதற்கு நல்ல சான்று. 2009-இல் உற்பத்தி தொடங்கிய அந்த வயலில், முதுமைக்குக் காத்திராமல் சில ஆண்டுகளிலேயே பாலிமரைச் சோதித்து, பிறகு பெரிய அளவில் செலுத்தினார்கள். தேவைப்படும் கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்யும் நாம், பொருத்தமான மற்ற வயல்களிலும் இந்தச் சோதனையை நீர் பெருகும் முன்பே தொடங்க வேண்டும்.